இரண்டு பேருக்கு இறுக்கிய ஸ்பிரிங்

போன செவ்வாய்க்கிழமை காலை, மானிப்பாய் தாண்டி ஒரு மதகடியில், ஸ்கூட்டரோடு விழுந்தேன்.

வேகமாக ஓடி விழவில்லை. என் வேகம் உங்களுக்குத் தெரியும். சைக்கிள்காரர்கள் மணி அடித்து என்னை முந்துவார்கள். மதகின் மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது... இறங்க மறந்துவிட்டது. ஒரு கணம் அந்தரத்தில் நின்று, இறங்கும்போது ஒரு பக்கமாக வழுக்கியது. எதிரே வந்த மரக்கறி லொறி பிரேக் அடித்து நின்றது. அதன் சக்கரத்துக்கும் என் தலைக்கும் இடையில் ஒரு பாயை விரிக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடி வந்தார்.

"ஐயோ, என்ன ஐயா உது! முழங்கை எல்லாம் உரஞ்சு போச்சு. இவ்வளவு வெள்ளண எங்கை போறியள்?"

"சண்டிலிப்பாய்க்கு. ஒரு வேலையா..."

வேலை! எனக்குச் சண்டிலிப்பாயில் என்ன வேலை? கடந்த பதினொரு மாதமாக அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னோடு கதைக்கிற உங்களிடமும் சொல்லவில்லை. மாம்பழத்தைப் பற்றி எழுதினேன், மின்வெட்டைப் பற்றி எழுதினேன், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியைப் பற்றிக்கூட எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை.

இந்த வாரம் எழுதுகிறேன். எழுத வைத்தது ஒரு கணினி.

மறுநாள் ஸ்கூட்டரைச் சேர்விஸ் சென்ரருக்குக் கொண்டுபோனேன். மின்சார ஸ்கூட்டர். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் வாங்கியது. அதைத் திருத்துகிற இடம் யாழ்ப்பாணம் ரவுணுக்குக் கிழக்கே, கொழும்புத்துறை போகிற வீதியில் இருக்கிறது.

ஒரு வருடத்துக்கு முன்பு அங்கே போயிருந்தால் நீங்களும் திட்டியிருப்பீர்கள். காலையில் போனால் பின்னேரம். 'உந்தச் சாமான் ஸ்ரோரிலை இருக்கோ?' என்று ஒருவர் கத்துவார். 'தேடிப் பாக்கவேணும்' என்று இன்னொருவர் கத்துவார். என் ஸ்கூட்டரின் மூடியைக் கழற்றியவர் சாப்பிடப் போய்விடுவார். வேறொருவர் வந்து அது யாருடையது என்று கேட்பார்.

இப்போது? வாசலில் ஒரு கமரா என் இலக்கத்தகட்டை வாசித்தது. கதவு திறந்தது. தரையில் ஒரு பச்சை விளக்கு 'இங்கே நிறுத்து' என்றது. நிறுத்தினேன். சுவரில் இருந்த பெரிய திரையில் என் ஸ்கூட்டர் தோன்றி மெல்லச் சுழன்றது. படம் அல்ல. 'டிஜிட்டல் ட்வின்' என்கிறார்கள். கணினிக்குள் வாழ்கிற இரட்டைப் பிறவி. நான் வீதியில் ஓடும்போது, ஸ்கூட்டரில் இருக்கிற சின்னக் கருவி ஒன்று, பற்றறி எவ்வளவு குடிக்கிறது, மோட்டர் எவ்வளவு இழுக்கிறது, எங்கே குலுங்குகிறது என்பதையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். வாங்கிய நாளில் அதற்கு ஒப்புதல் கொடுத்து நான்தான் கையெழுத்து வைத்தேனாம். வைத்திருப்பேன். யார் வாசிக்கிறார்கள்?

அங்கே ஸ்கூட்டருக்கு மட்டுமல்ல, கராஜுக்கும் ஓர் இரட்டை உண்டு. எந்த மேசை சும்மா இருக்கிறது, எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். நான் வாசலுக்கு வருவதற்கு முன்பே என் பிரேக் கட்டைகள் ஸ்ரோரிலிருந்து புறப்பட்டுவிட்டன. ஒரு தள்ளுவண்டி, யாரும் தள்ளாமலே, அவற்றைச் சுமந்துகொண்டு என்னைத் தாண்டிப் போனது. நான் வழிவிட்டேன். வணக்கம் சொல்லவும் யோசித்தேன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலை மளமளவென்று நடந்தது. கத்தல் இல்லை, தேடல் இல்லை. கண்ணாடி அறையில் குளிர்காற்று, மெத்தைக் கதிரை. அதில் நான் ஒருவன். எனக்குப் பக்கத்தில் ஒன்பது வெறும் கதிரைகள்.

முன்னால் இருந்த தொடுதிரை சில கேள்விகள் கேட்டது. விழுந்தீர்களா? ஆம். பிரேக் பிடிக்கும்போது சத்தம் வருகிறதா? சிலவேளை. வழமையாக எத்தனை பேர் பயணம் செய்கிறீர்கள்? ஒருவர், இருவர் என்று இரண்டு கட்டங்கள்.

'இருவர்' என்பதைத் தொட்டேன்.

ஏன் தொட்டேன் என்று கேட்காதீர்கள். விரல் போனது. யோசித்துச் செய்த பொய் அல்ல. ஆனால் திருத்தவும் இல்லை. 'முந்தைய பக்கத்துக்குச் செல்க' என்று ஒரு கட்டம் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரிய திரையில் சுழன்றுகொண்டிருந்த என் ஸ்கூட்டர் நின்றது. அதன் பின்பக்கம் சிவப்பாகியது. கீழே எழுத்து ஓடியது: 'வாடிக்கையாளரின் பதிலும் தரவும் முரண்படுகின்றன. ஆள் மூலம் சரிபார்க்கவும்.'

ஒரு கதவு திறந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். ஜீன்ஸ், சேர்விஸ் சென்ரர் ரீஷேட், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. பெயர் ஜெனிற்றா என்றும், குருநகர் ஆள் என்றும் பிறகு சொன்னார். அந்தத் திரைகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவருடையது.

"அங்கிள், ரெண்டு பேர் ஓடுறனீங்கள் எண்டு போட்டிருக்கிறியள்..."

"ஓம்."

"எப்பவும் ரெண்டு பேரோ?"

"ஓம் பிள்ளை. நானும் மனிசியும்."

அவர் கையிலிருந்த சிறிய திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அப்ப எங்கடை சென்சர்தான் பிழை போல கிடக்கு. பதினொரு மாசமா ஒராளின்ரை பாரம் எண்டுதான் காட்டுது. அதுக்கு முன்னம் எல்லாம் ரெண்டு பேர். திடீரெண்டு ஒரு நாளிலை இருந்து மாறியிருக்கு. மோட்டரைக் கழட்டித்தான் பாக்கவேணும்."

"கழட்டுங்கோ," என்றேன்.

இந்த இடத்தில் என்னை நீங்கள் ஒரு முழு விசரன் என்று நினைக்கலாம். நான் வாதாட மாட்டேன். நல்ல மோட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தேன். ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். அந்தச் சொல் வரவில்லை.

அவர் போகவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"கழட்ட முதல் ஒருக்கா இதைப் பாருங்கோ அங்கிள். பிழை எங்கை எண்டு உங்களுக்கு விளங்கலாம்." திரையை என் பக்கம் திருப்பினார். "திங்கள் துவக்கம் வெள்ளி மட்டும், காலமை ஆறு ஐம்பதுக்கு இணுவிலிலை ஸ்ராட் ஆகுது. ஏழு பத்துக்குச் சண்டிலிப்பாயிலை ஒரு இடத்திலை நிக்குது. இருபது நிமிசம். பிறகு வந்த வழியாலை வீட்டை. பாருங்கோ, போன கிழமையும் அப்பிடி, அதுக்கு முதல் கிழமையும் அப்பிடி. மழை பெய்த நாளும் நிண்டிருக்கு."

ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஒரே நீளம், ஒரே இடத்தில் ஒரு புள்ளி. பதினொரு மாதக் கோடுகள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்த காரியத்தை ஒருவர் அளந்து, கோடு போட்டு, பத்திரமாக வைத்திருந்தால் எப்படி இருக்கும்? எனக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு திரையை அவர் பக்கமே திருப்பிவிட்டேன்.

"சென்சர் சரி பிள்ளை," என்றேன். "ஆள்தான் இல்லை."

என் மனைவி கிரேஸ் சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். அவர் மெதடிஸ்த குடும்பம். நான் இணுவில் சைவம். கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்து உறவினர்களும் வரவில்லை. பிள்ளைகளும் இல்லை. அதனால் எங்களுக்கு நாங்கள்தான். இருபத்திரண்டு வருடம், முதலில் மோட்டார் சைக்கிளில், பிறகு இந்த ஸ்கூட்டரில், ஒவ்வொரு பாடசாலை நாளும் அவரை வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன். பின்னால் பக்கவாட்டில் இருந்துகொண்டு வீடு தொடங்கிப் பாடசாலைவரை கதைப்பார். காற்றில் பாதி கேட்காது. கேட்காததற்கும் 'ஓம்' சொல்வேன். சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு.

"நான் என்ன கேட்டனான்?" என்பார்.

"நீர் கேட்டதுக்கு ஓம் எண்டுதானே சொன்னனான்."

"நான் கேட்டது, உங்களுக்குக் காது கேக்காதோ எண்டு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்தவர், தலை இடிக்கிறது என்று சொல்லிப் படுத்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அவ்வளவுதான்.

அதற்கடுத்த திங்கட்கிழமையே ஆறு ஐம்பதுக்கு ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். வீதிக்கு ஏறிய பிறகுதான் பின்னால் யாரும் இல்லை என்பது உறைத்தது. திரும்பவில்லை. போனேன். பாடசாலைக்கு எதிரே, பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் விற்கிற ஒரு கடை. அதன் முன்னால் நிறுத்திவிட்டு, மணி அடித்து வாசல் கதவு பூட்டும்வரை நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் அப்படி. அங்கே நின்று என்ன செய்கிறேன்? ஒன்றும் செய்வதில்லை. அழுவதும் இல்லை. நிற்பேன். நின்றுவிட்டு வந்தால் மீதி நாளைக் கடத்தலாம். நிற்காமல் இருந்தால், வீட்டில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஜெனிற்றாவிடம் சொன்னேன். கடந்த பதினொரு மாதத்தில் ஒருவரிடமும் சொல்லாததை, பெயர் கேட்டுப் பத்து நிமிடம் ஆகாத ஒருவரிடம். ஏன்? அவர்தான் கேட்டார். என்னைச் சந்திக்கிற மற்ற எல்லோரும், 'இப்ப எப்பிடி, சுகமோ?' என்று கேட்டுவிட்டு, நான் 'ஓம்' சொல்வதற்கு முன்பே தலையாட்டிவிடுவார்கள்.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. 'கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்' என்றும் சொல்லவில்லை. என் முழங்கைக் காயத்தைக் காட்டினார்.

"அங்கிள், நீங்கள் விழுந்ததுக்குக் காரணம் இதுதான். வாங்கேக்கை பின் ஸ்பிரிங்கை ரெண்டு பேருக்கெண்டு இறுக்கியிருக்கினம். ரயர் காத்தும் ரெண்டு பேருக்குத்தான். இப்ப பின்னாலை பாரம் இல்லை. மேடு பள்ளத்திலை பின்சில்லு ரோட்டிலை நிக்காமல் துள்ளுது. ஒராளுக்கு மாத்திவிடவேணும்."

"அதை அப்பிடியே விடுங்கோ பிள்ளை."

"விடேலாது."

"என்ரை ஸ்கூட்டர்தானே?"

"உங்கடை ஸ்கூட்டர்தான். ஆனா நேற்று லொறி பிரேக் அடிச்சபடியால்தான் இண்டைக்கு இஞ்சை இருக்கிறியள். நான் இதிலை 'பாதுகாப்பு' எண்டு கையெழுத்து வைக்கவேணும் அங்கிள். தெரிஞ்சுகொண்டு எப்பிடி வைக்கிறது?"

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அசைய மாட்டார் என்று தெரிந்தது. அந்த ஸ்பிரிங்கில் என்ன இருக்கிறது? ஒரு இரும்புச் சுருள். இருந்தாலும், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேஸின் உடுப்புகளைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியை, புத்தகங்களை, குடையைக் கொடுத்துவிட்டேன். அவருடைய பாரத்தை நினைவில் வைத்திருந்தது இது ஒன்றுதான். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஜெனிற்றா எழுந்தார்.

"முதல்லை சென்சர் சரியெண்டு நான் பதியவேணும். அதுக்கு ரெண்டு பேரோடை ஒருக்கா ஓட்டிக் காட்டவேணும். ஹெல்மெற்றைப் போடுங்கோ. நான் பின்னாலை இருக்கிறன்."

ஓடினோம். கொழும்புத்துறைப் பக்கமாக, கடல் தெரிகிற இடம்வரை.

ஸ்கூட்டர் ஒரு முறை அமர்ந்து எழும்பியது. பிறகு சத்தமில்லாமல் ஓடியது. பதினொரு மாதமாக என் முதுகெலும்பில் தட்டிக்கொண்டிருந்த அந்தக் குலுக்கல் இல்லை. வீதியெல்லாம் பழுதாகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீதி அப்படியேதான் இருந்திருக்கிறது.

ஒரு மேட்டில் வேகத்தைக் குறைத்தேன். இடது கை தானாகப் பின்னால் போய் எதையோ தேடியது.

"என்ன அங்கிள் தேடுறியள்?"

"சீலைத் தலைப்பு. சில்லுக்குள்ளை போகாமல் பிடிக்கவேணும்."

"நான் ஜீன்ஸ் அங்கிள்."

சிரித்துவிட்டோம். நான் சிரித்தது மட்டும் நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கி, என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலை இல்லாத கடல். வள்ளங்கள் கட்டியிருந்தன. யாரோ ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று வலை அலசிக்கொண்டிருந்தார்.

கடலைப் பார்த்தபடியே ஜெனிற்றா சொன்னார்: "உந்தச் சிஸ்டம் வர முதல், முன் மேசையிலை நாங்கள் ஆறு பேர் இருந்தனாங்கள். மற்ற ஆக்களைக் கொழும்புக் கிளைக்கு எடுத்திட்டினம். இப்ப உள்ளறைக்குள்ளை திரையளோடை நான் மட்டும். எல்லாம் தானா நடக்குது. ஏதும் பிழைச்சால்தான் வெளியிலை வந்து ஆக்களோடை கதைப்பன். இந்தக் கிழமை, திங்கள் துவக்கம் ஒண்டும் பிழைக்கேல்லை அங்கிள். நீங்கள்தான் முதல் ஆள்."

"இண்டைக்குப் புதன்கிழமை," என்றேன்.

"ஓம்," என்றார்.

வேலை சுத்தமாக நடக்கிற ஓர் இடத்தில், ஒருவரோடொருவர் கதைக்க வேண்டுமென்றால் யாராவது பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்னேன். நல்லவேளை.

திரும்பி வந்தோம். அவரே ஒரு வளைந்த சாவியை எடுத்துப் பின் ஸ்பிரிங்கின் கழுத்தைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொருமுறை. மூன்று தரம். இரண்டு நிமிட வேலை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரிய திரையில் சிவப்பு பச்சையாகியது. என் ஸ்கூட்டரின் இரட்டை மறுபடி சுழலத் தொடங்கியது. கீழே, 'பயணி: ஒருவர்' என்று இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு குலுக்கலும் இல்லை. இருவர் போவதுபோலவே இருந்தது. கண்ணை மூடினால் கிரேஸ் பின்னால் இருப்பார்; ஆனால் கண்ணை மூடி ஓட்ட முடியாதே என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் போனேனா என்று கேட்கிறீர்கள். போனேன். வியாழனும் வெள்ளியும் போனேன். கொப்பிக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வெளியே வந்து, "ரீச்சரின்ரை ஆள் எல்லோ நீங்கள்? ஒவ்வொரு நாளும் காணுறனான். கேக்கிறதோ விடுறதோ எண்டு யோசிச்சுப்போட்டு விட்டிட்டன்," என்றார். ஒரு பிளேன்ரீ தந்தார். அவருடைய மகளுக்குக் கிரேஸ்தான் கணிதம் படிப்பித்தவராம். கணிதத்துக்கு 'ஏ' எடுத்தாராம். பதினொரு மாதம் நான் அவருடைய கடை வாசலில் நின்றிருக்கிறேன். அவரும் உள்ளே நின்று என்னைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர் நல்ல மனிதர். நானும் மோசமில்லை. பிறகு ஏன்? எனக்குத் தெரியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை போகவில்லை. துணிந்து எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கைக் காயம் பழுத்துக் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. வீட்டில் நான் இருமுகிற சத்தம் எனக்கே திரும்பி வந்தது. படுத்திருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு பத்து. ஏழரை. எட்டு. நான் இன்று சண்டிலிப்பாயில் நிற்கவில்லை என்பது இந்தக் குடாநாட்டில் யாருக்காவது தெரியுமா என்று யோசித்தேன்.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அங்கிள், ஜெனிற்றா கதைக்கிறன். இண்டைக்கு உங்கடை ஸ்கூட்டர் அசையேல்லை. சுகமோ?"

"ஏன் பிள்ளை... ஸ்கூட்டர் ஓடாட்டில் உங்களுக்கு ஏதும் எச்சரிக்கை வருமோ?"

"இல்லை அங்கிள். ஓடாத ஸ்கூட்டருக்கு ஒண்டும் வராது. நானாத்தான் பாத்தனான். பாத்தது பிழையெண்டால் சொல்லுங்கோ, இனிப் பாக்கேல்லை."

"பாருங்கோ," என்றேன்.

காய்ச்சல் என்று சொன்னேன். மருந்து எடுத்தேனா என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன். எடுங்கோ என்றார். தன் தகப்பனுக்கும் இப்படித்தான் வலைக் கம்பி கீறிக் காய்ச்சல் வந்தது என்றும், மருந்தெடுக்கச் சொல்லித் தான் அவரோடு சண்டை பிடித்ததாகவும் ஒரு கதை சொன்னார். பிறகு நான் ஒரு கதை சொன்னேன். எப்படியும் கால் மணித்தியாலம் போயிருக்கும்.

அந்தக் கால் மணித்தியாலத்தை அவர்களுடைய கணினி 'வேலை நடக்காத நேரம்' என்று பதிந்திருக்கும். பதியட்டும்!